சட்டையா, ஜாக்கெட்டா: அடுக்கி அணிய எதை வாங்குவது?

கடையில் டி-ஷர்ட்டோடு நின்று போட்டுப் பார்த்தபோது அந்தச் சட்டை ஜாக்கெட் எனக்கென்றே தைத்தது போலிருந்தது. குளிர் இறங்கிய முதல் வாரம், உள்ளே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைந்தேன். பொத்தான் போட முடிந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கியதும் ஜாக்கெட் மொத்தமும் கூடவே எழும்பி இடுப்பு வெளியே தெரிந்தது. கழற்றும்போது ஸ்வெட்டரின் கையும் சேர்ந்து உருவிக்கொண்டு வந்தது. துணியில் ஒரு குறையும் இல்லை, தையலிலும் இல்லை. எதன் மேல் போடப்போகிறேன் என்று யோசிக்காமல் நான்தான் வாங்கியிருந்தேன்.

சட்டை ஜாக்கெட் பெயரிலேயே இரண்டு மனதாக இருக்கும் உடை. காலர், மணிக்கட்டுப் பட்டி, முன்பக்கப் பொத்தான் வரிசை, மார்புப் பை எல்லாம் சட்டையிடமிருந்து வந்தவை. துணியின் கனம் ஜாக்கெட்டினுடையது. இதன் முன்னோர்கள் எல்லாம் வேலைக்காரர்களின் உடைகள். அமெரிக்கக் கடற்படையின் ‘சீஃப் பெட்டி ஆபிசர்’ (chief petty officer) பதவியில் இருந்தவர்கள் போட்ட கனமான கம்பளிச் சட்டை ஒன்று. 1914இல் ஃபில்சன் நிறுவனம் காப்புரிமை பெற்ற ‘குரூசர்’ இன்னொன்று; காட்டுக்குள் நடந்து மரங்களை அளந்து மதிப்பிடும் ஆட்களுக்காக வந்தது. அவர்களுக்கு வேண்டியது கையை வீசும் இடமும் முள்ளுக்குக் கிழியாத துணியும். இன்று நாம் வாங்கும்போது கேட்க வேண்டியதும் அந்த இரண்டைத்தான். நடுவில் நிறமும் கட்டமும் வந்து கவனத்தைத் திருடிவிடுகின்றன.

நடுவிலா, மேலேயா?

இந்த உடையை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று நடு அடுக்காக: உள்ளே பனியனோ டி-ஷர்ட்டோ, மேலே மழையையும் காற்றையும் தடுக்கும் கோட்டு. மற்றது மேல் அடுக்காக: உள்ளே சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே இது. முதல் வேலைக்கு உடம்போடு ஒட்டியும், கை ஒல்லியாகவும், பைகள் தட்டையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவதற்கு நேர்மாறு. ஒரே அளவில் வாங்கிய ஒரே ஜாக்கெட் இரண்டையும் நன்றாகச் செய்யாது. இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் இரண்டிலும் அரைகுறைதான்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உடம்பைச் சுற்றி வரும் துணியின் தடிமன் எவ்வளவோ, அதைப்போல ஆறு மடங்குக்குச் சற்று மேல் சுற்றளவு கூடும். பள்ளியில் படித்த இரண்டு பை ஆர் (2πr) தான். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்வெட்டர் மார்புச் சுற்றளவில் 3 செ.மீ. சேர்க்கிறது. உடம்பின் மார்புச் சுற்றளவு 100 செ.மீ. என்றால் டி-ஷர்ட்டும் ஸ்வெட்டரும் போட்ட பின் கிட்டத்தட்ட 104. மூச்சு இழுக்கவும் கையை முன்னால் நீட்டவும் இன்னும் 10, 12 செ.மீ. வேண்டும். ஆக ஜாக்கெட்டின் உட்சுற்றளவு 114 முதல் 116 வரை. டி-ஷர்ட்டின் மேல் மட்டும் போடுவதென்றால் 111 முதல் 113 போதும். ஸ்வெட்டரின் அந்த 3 செ.மீ.தான் வித்தியாசம். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

‘உட்சுற்றளவு’ என்று சொன்னதை மறுபடி பாருங்கள். ஜாக்கெட்டை மேசையில் விரித்து இஞ்சு டேப்பை வைத்தால் கிடைப்பது வெளிப்பக்க அளவு. மெல்லிய ஃபிளானலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பஞ்சு வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த ஜாக்கெட் 1 செ.மீ. தடிமன் இருந்தால் உள்ளே 6 செ.மீ. காணாமல் போயிருக்கும். அளவு அட்டவணையை நம்பி இணையத்தில் வாங்கியவர்கள், “நம்பர் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, போட்டா மட்டும் பிடிக்குது” என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதற்காக ஒரேயடியாகத் தொளதொளவென்று வாங்குவதும் சரியில்லை. சூட்டைக் காப்பது துணியைவிட அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. இடம் அளவுக்கு மீறினால் ஒவ்வோர் அடிக்கும் ஜாக்கெட் துருத்தி மாதிரி வேலை செய்து, கீழேயிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக் கழுத்து வழியாகச் சூட்டை வெளியே தள்ளும்.

மார்பைவிடக் கைக்குழி முக்கியம்

எல்லோரும் மார்பளவைப் பார்க்கிறார்கள். அடுக்கி அணியும் உடையில் தீர்ப்பு எழுதுவது கைக்குழி, அதாவது கை உடம்போடு சேரும் அந்த வட்டம். தையற்காரர்கள் இதில்தான் படாத பாடு படுவார்கள்.

கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருந்தால் கையைத் தூக்கும்போது கை மட்டும் மேலே எழும், உடல் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். தாழ வெட்டியிருந்தால் உள்ளே ஸ்வெட்டருக்கு இடம் கிடைக்கும், ஆனால் கையைத் தூக்கினால் மொத்த ஜாக்கெட்டும் மேலே வரும். மலிவாகத் தைப்பவர்கள் எல்லா உடம்புக்கும் சேர வேண்டுமென்று தாழவே வெட்டிவிடுகிறார்கள். இந்த இழுபறிக்கு நல்ல தையலில் இரண்டு விடை உண்டு. ஒன்று, அக்குளில் வைர வடிவில் ஒரு சின்னத் துண்டு சேர்த்துத் தைப்பது. இன்னொன்று, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே இருபுறமும் மடிப்பு விடுவது. கையை முன்னே நீட்டும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தால் அந்த ஜாக்கெட்டை வடிவமைத்தவர் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதைக் கற்பனை செய்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தோள் தையல் எலும்பு முடியும் இடத்திலிருந்து ஒன்று, ஒன்றரை செ.மீ. வெளியே இறங்கலாம், மேல் அடுக்குக்கு அது நல்லதுதான். அதற்குமேல் இறங்கினால் கை நீளம் கணக்குத் தப்பும். கையின் நீளத்தை முழங்கையை மடித்துப் பார்க்க வேண்டும். நீட்டி நிற்கும்போது மணிக்கட்டைத் தொடும் கை, மடித்தால் மூன்று விரற்கடை ஏறிவிடும். மணிக்கட்டுப் பட்டிக்குள் ஸ்வெட்டரின் கையும் அடங்க வேண்டும். பட்டியில் இரண்டு பொத்தான் இருந்தால் இறுக்கவும் தளர்த்தவும் வழி உண்டு.

அதிகம் பேசப்படாத ஒன்று கையின் உள்துணி. மயிர் எழுப்பிய ஃபிளானலும் சொரசொரப்பான கம்பளியும் உரசினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். என் ஸ்வெட்டரின் கை கூடவே உருவிக்கொண்டு வந்தது அதனால்தான். கைகளுக்கு மட்டும் வழுக்கலான லைனிங் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. உடல் பகுதிக்கு லைனிங் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கைக்கு இல்லாவிட்டால் மேல் அடுக்காக அதை வாங்க யோசிப்பேன்.

பின்பக்கக் கீழ் ஓரம் முன்பக்கத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருப்பது குனியும்போது உதவும். பக்கவாட்டில் சிறிய வெட்டு இருந்தால் உட்காரும்போது பொத்தான் வரிசை வயிற்றில் புடைக்காது. நடு அடுக்காகப் போடுபவருக்கு மேலே போடும் கோட்டைவிட இது நீளமாக இருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழையில் நனைந்து, திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுக்கும்.

நான்கு துணிகள்

பொருத்தமும் ஆயுளும் தனித்தனி விஷயம் என்று தோன்றும். துணிக்கு வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இன்று பொருந்துவது ஐந்து சலவைக்குப் பிறகும் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

பருத்தி ஃபிளானலில் தொடங்குவோம். நெய்த துணியின் மேல் கம்பி முட்கள் பதித்த உருளையை ஓட்டி, நூலின் இழைகளைக் கிளப்பிவிட்டால் அந்த மென்மை வருகிறது. கிளப்பிய இழைகளுக்கு நடுவே காற்று நிற்கிறது, சூடு தங்குகிறது. இழையைக் கிளப்புவது என்றால் நூலைக் கொஞ்சம் காயப்படுத்துவது என்றும் பொருள். தொட்டவுடன் பூனைக்குட்டி மாதிரி இருக்கும் ஃபிளானல் பெரும்பாலும் சீக்கிரம் நையும். வெளிப்பக்கம் குறைவாகவும் உட்பக்கம் அதிகமாகவும் மயிர் எழுப்பியதைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சல்லடை போலத் தெரியக் கூடாது. ட்வில் நெசவில் சாய்வான வரிகள் இருக்கும். அது சாதா நெசவைவிட அடர்த்தியாக நூலை அடைக்கக்கூடியது.

பருத்தியின் பெரிய சிக்கல் சுருக்கம். முன்கூட்டியே சுருக்கப்படாத ஃபிளானல் முதல் சில சலவைகளில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 4 சதவீதம் என்று வைத்தால் 116 செ.மீ. சுற்றளவில் 4.6 செ.மீ. போய்விட்டது. 64 செ.மீ. கையில் இரண்டரை செ.மீ. மேலே செய்த கணக்கில் ஸ்வெட்டருக்கென்று ஒதுக்கிய இடம் முழுவதையும் சலவை இயந்திரம் சாப்பிட்டுவிடுகிறது! ஆலையிலேயே துணியை நெருக்கிச் சுருக்கிவிடும் முறைக்கு 1930இல் சான்ஃபோர்ட் க்ளூவட் காப்புரிமை பெற்றார். ‘சான்ஃபரைஸ்டு’ என்று சீட்டில் இருந்தால் மிச்சச் சுருக்கம் 1 சதவீதத்துக்குள் அடங்கும். அந்தச் சொல்லோ ‘முன்பே சுருக்கப்பட்டது’ என்பதோ இல்லாவிட்டால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். இன்னொன்று: நனைந்த பருத்தி குளிரில் துரோகி. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, காய மறுத்து, உடம்புச் சூட்டை உறிஞ்சும். வீட்டுக்குள்ளும் வறண்ட குளிரிலும் இதற்கு இணையான சுகம் கிடையாது. வியர்க்க வியர்க்க நடப்பவருக்கு வேண்டாம்.

கம்பளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் பக்கச்சார்பாகிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீராவியை உள்வாங்கிய பின்னும் கைக்கு ஈரமாகத் தெரியாது. வியர்வை வாடையையும் எளிதில் காட்டாது; ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டு மூன்று முறை துவைத்தால் போதும். துவைப்பது குறைந்தால் ஆயுள் தானாகக் கூடும். தீப்பொறி பட்டால் கருகி நின்றுவிடும், உருகி ஒட்டாது.

கம்பளி இழையின் மேல் மீன் செதிலைப் போல நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு இறுகும். ஆலையில் இதையே திட்டமிட்டுச் செய்தால் மெல்டன் போன்ற கெட்டித் துணி கிடைக்கிறது. வெட்டிய ஓரம்கூடப் பிரியாது, காற்று எளிதில் நுழையாது. வீட்டில் தவறுதலாக நடந்தால் உங்கள் ஜாக்கெட் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சரியாக இருக்கும். குளிர்ந்த நீர், கையால் மெதுவாக அலசல், படுக்க வைத்து உலர்த்தல் என்ற மூன்றையும் கடைப்பிடிக்க முடியாதவர்கள் கம்பளியை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கம்பளியிலும் ஏமாற்று உண்டு. ‘கம்பளிக் கலப்பு’ என்று எழுதியிருப்பதில் கம்பளி 20 சதவீதமாகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். 80 கம்பளியும் 20 நைலானும் நல்ல ஜோடி. உராயும் இடங்களில் நைலான் தாங்கிப் பிடிக்கும். அடுத்தது மறுசுழற்சிக் கம்பளி. பழைய துணிகளைக் கிழித்து மீண்டும் நூற்கும் இந்தத் தொழிலை 1813 வாக்கில் இங்கிலாந்தின் பேட்லியில் தொடங்கிவைத்தவர் பெஞ்சமின் லா. அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். ஆங்கிலத்தில் மட்டமான எதற்கும் அதுவே அடைமொழியாகிவிட்டது. கிழிக்கும்போது இழைகள் குட்டையாகிவிடுவதால் நூலிலிருந்து எளிதில் நழுவி உருண்டை உருண்டையாகத் திரளும். சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. புது இழையின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். கடைசியாக அந்துப்பூச்சி: துவைக்காமல் மடித்து வைத்த கம்பளியில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் அதன் புழுவுக்குக் கல்யாண விருந்து.

ஃபிளீஸ் வேறு உலகம். 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை கம்பளிக்கு மாற்றாகப் பாலியஸ்டரில் செய்தது. பாலியஸ்டர் சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான ஈரத்தையே ஏற்கும். பருத்தி 7, 8 சதவீதம் ஏற்கும். அதனால் உதறிப் போட்டால் காய்ந்துவிடும். சுருங்காது, அந்து தொடாது, வழக்கம்போலத் துவைத்தால் அளவு மாறாது. கனத்தைச் சதுர மீட்டருக்கு 100, 200, 300 கிராம் என்று சொல்வார்கள். நடு அடுக்குக்கு 200 சரியான இடம். காற்று ஊடுருவும் என்பதால் தனியாகப் போட்டு வெளியே நின்றால் நடுக்கும், மேலே ஒரு கோட்டு விழுந்தால் அடுப்பாகும். கிழிவதைவிட முன்னதாக அழகு போய்விடும் துணி இது. அக்குளிலும் பைத் தோள்வார் உராயும் இடத்திலும் மயிர் சிக்குப் பிடித்து, பழைய மிதியடி மாதிரி ஆகும். வெளிப்பக்கம் வழவழப்பாக முடித்த ரகம் இதில் கூடுதல் நாள் தாங்கும். துவைக்கும்போது நுண்ணிழைகள் தண்ணீரோடு போகின்றன என்பதும் ஒரு கணக்கு.

பஞ்சு வைத்துத் தைத்த நைலான் ரகத்தை நான் சீக்கிரம் கடந்துவிடுவேன். எடைக்கு இத்தனை சூடு மற்ற மூன்றும் தராது, பையில் சுருட்டி வைக்கலாம். ஆனால் மேல்துணி 20 டெனியர் என்றால் அந்த நூலின் 9,000 மீட்டர் நீளம் வெறும் 20 கிராம். அவ்வளவு மெல்லிய நூல் ஒரு முள்ளுக்கோ, சிகரெட் பொறிக்கோ தாங்காது. மேலே இறுக்கமான கோட்டைப் போட்டால் பஞ்சு நசுங்கி, கொடுத்த சூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அடுக்குவதற்கென்று வாங்குபவர் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு ஆச்சரியம். கார்டுராய், கேன்வாஸ் போன்றவை கெட்டி. அவற்றை மேல் அடுக்குக்கு மட்டும் யோசிக்கலாம்.

எங்கே முதலில் கிழியும்?

ஆய்வகத்தில் துணியை மார்ட்டின்டேல் இயந்திரத்தில் தேய்த்துத் தேய்த்துத் தாங்குதிறன் பார்ப்பார்கள். உருண்டை திரள்வதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், 5 என்றால் திரளவே இல்லை. இந்த எண்கள் ஆடைச் சீட்டில் பெரும்பாலும் வருவதில்லை. நம் கையில் இருப்பது விரல்தான். உள்ளங்கையால் துணியின் ஒரே இடத்தை இருபது முறை அழுத்தித் தேயுங்கள். அப்போதே பஞ்சு கிளம்பினால் மாலைக்குள் தெரிந்துவிடும் கதை.

நான் பார்த்தவரை நடுத்துணி கிழிந்து யாரும் ஜாக்கெட்டைத் தூக்கி எறிவதில்லை. மணிக்கட்டுப் பட்டியின் மடிப்பு ஓரம் வெளுக்கும், முழங்கை நையும், பையின் வாய் மூலை பிய்யும், அக்குள் தையல் விடும். அதனால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இரட்டை வரி ஓட்டிய தையல் நெடுநாள் நிற்கும். ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்டிய வெறும் ஓவர்லாக் மட்டும் என்றால் அதில் ஒரு நூல் அறுந்தாலே பிரியத் தொடங்கும். பை மூலைகளில் நெருக்கமாகக் குறுக்கே போட்ட சிறு கட்டுத் தையல் இருக்கிறதா? காஜாவின் ஓரம் நெருக்கமாக இருக்கிறதா, இப்போதே நூல் தொங்குகிறதா?

பொத்தானா, டிக் பட்டனா, ஜிப்பா என்று கேட்டால் நான் பொத்தான் பக்கம். அறுந்தால் ஊசியும் நூலும் போதும். டிக் பட்டன் கையுறையோடு போட வசதி. பின்னால் கூடுதல் துணி கொடுத்திருக்கவில்லை என்றால் இழுக்க இழுக்கத் துணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஜிப் காற்றைத் தடுக்கும், ஆனால் ஒரு பல் போனால் ஜாக்கெட்டே மூலைக்குப் போகும்.

என் தேர்வு

வெளியில் நடந்து வேலை செய்பவர், மேலே கோட்டு போடப்போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 200 கிராம் ஃபிளீஸ், உடம்போடு ஒட்டிய அளவில். வீட்டிலும் அலுவலகத்திலும் கழுத்துக் குளிர் போக்க மட்டும் என்றால் முன்பே சுருக்கிய, கெட்டியான பருத்தி ட்வில் ஃபிளானல். பயணத்தில் பையில் கிடந்து அவசரத்துக்கு உதவ வேண்டுமென்றால் பஞ்சு வைத்தது. கிழிசலை ஒட்டும் டேப்பையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று வாங்கிப் பத்து வருடம் போட வேண்டும், ஸ்வெட்டருக்கு மேலே, துவைக்கும் பொறுமையும் உண்டு என்பவருக்கு 80க்கு 20 கம்பளி நைலான், கைகளுக்கு லைனிங், முதுகில் மடிப்பு. நான் இரண்டாவது முறை வாங்கியது அதுதான். வாங்கப் போனபோது என்னிடமிருந்த தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன், வியர்த்தாலும். போட்டதும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன், என்னையே கட்டிப்பிடித்தேன், குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

முதலில் வாங்கிய அந்த இறுக்கமான ஃபிளானல் என்னவாயிற்று என்றால், அதைக் கொடுத்துவிட மனம் வரவில்லை. ஒருநாள் மழைக் கோட்டுக்கு அடியில், டி-ஷர்ட்டின் மேல் போட்டுப் பார்த்தேன். கைக்குழி பிடிக்கவில்லை, ஓரம் வெளியே நீட்டவில்லை, கோட்டின் கைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. நாலாவது வருடமாக அதே இடத்தில் இருக்கிறது. வலது முழங்கைக்கு மட்டும் இந்த வருடம் ஒட்டுத் துணி போட வேண்டும்.